அத்தியாயம் 6: கோயில் பை

கைக்குழந்தையும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு ஒரு நவம்பர், டிசம்பர் வழிகாட்டி

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வருஷத்தில் அலைச்சல் மிகுந்த மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் நிறைவுபெறும். அதை ஒட்டியே திருவருகைக்கால ஞாயிறுகள் தொடங்கிவிடும். ஞாயிறு பள்ளியில் நாடக ஒத்திகை, இரவில் கேரல் ரவுண்ட்ஸ், விடியுமுன் கிறிஸ்துமஸ் ஆராதனை, 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை என்று வரிசையாக வரும். வடகிழக்குப் பருவமழைக்கும் இவைதான் மாதங்கள்.

இரண்டும் ஒரே நாளில் வந்து மோதுவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 3 திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று மாலையிலிருந்து மறுநாள் வரை மிக்ஜாம் புயல் சென்னையை மழையில் முக்கியது. பதினான்கு நாள் கழித்து, டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டங்களிலும் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேர மழை 95 செ.மீ. அடுத்த வருஷம், 2024இல், ஃபெஞ்சல் கரையைக் கடந்த மறுநாள் டிசம்பர் 1. அதுவும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறுதான். 2017இல் ஒக்கி புயல் கன்னியாகுமரியை அடித்த நவம்பர் 30, சவேரியார் திருவிழா வாரத்துக்குள் வந்தது.

வெள்ளத்துக்கென்று தனியாக ஒரு பை கட்டி வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சிறுபிள்ளை உள்ள வீட்டில் அந்தப் பை நிலைக்காது. அவசரத்துக்கு டயாப்பரை எடுத்துவிடுவோம், பிஸ்கட்டை மூத்தவன் கண்டுபிடித்துவிடுவான், போன வருஷ ஸ்வெட்டர் இந்த வருஷம் கைக்குள் நுழையாது. ஆனால் வாராவாரம் தவறாமல் நீங்கள் கட்டுகிற பை ஒன்று இருக்கிறது. கோயிலுக்குக் கொண்டுபோகிற பை. அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வெள்ளத்துக்கும் அதுவே போதும். பிள்ளைகளைக் கிளப்புவது, கூட்டத்தில் தொலையாமல் பார்ப்பது, புது இடத்தில் தூங்கவைப்பது, பக்கத்தில் இருப்பவரை நம்பிக் குழந்தையைக் கொடுப்பது: ஞாயிறுதோறும் நாம் பழகுகிற இந்த நான்கும்தான் வெள்ள இரவில் தேவைப்படுபவை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரே யோசனையைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே முடிவு

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சட்டை மாட்டிய பிள்ளை வாசலில் நிற்கும்போது, போவதா வேண்டாமா என்று யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. பிள்ளைக்குத் தேவதை வேஷம். தெர்மாகோல் சிறகுக்கு ஜிகினா ஒட்டி முந்தின இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறோம். பெரியவர்கள் வருவார்கள் என்று சொல்லியாகிவிட்டது. இத்தனையும் சேர்ந்து நம்மை வெளியே தள்ளும். அதனால் முடிவை முந்தின நாள் மாலைக்கு மாற்றுங்கள். வானிலை மையத்தின் எச்சரிக்கை நிறத்தைப் பார்த்து, வீட்டில் ஒரு தடவை பேசி வைத்த விதிப்படி நடந்தால் போதும். பாதி வாக்குவாதம் குறையும்.

மஞ்சள்: கனமழை, அதாவது 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பக்கத்து ஆலயத்துக்குப் போகலாம். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். பைக்கில் கைக்குழந்தையை ஏற்ற வேண்டாம்.

ஆரஞ்சு: மிக கனமழை, 12 முதல் 20 செ.மீ. வெளியூர்ப் பயணமும் கேரல் ரவுண்ட்ஸும் கிடையாது. நடந்து போகிற தூரத்தில் ஆலயம் இருந்தால் பெரியவர் ஒருவர் போய்வரட்டும். பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும்.

சிவப்பு: அதி கனமழை, 20 செ.மீட்டருக்கு மேல். யாரும் எங்கும் போவதில்லை. வீடு தாழ்வான இடத்தில் இருந்தால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

செ.மீ. கணக்கு மனதில் நிற்காவிட்டால் இப்படிப் பாருங்கள். 1 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் தண்ணீர். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. மழை, பத்துக்குப் பத்து அடி மொட்டைமாடி ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 8,800 லிட்டர் கொட்டியிருக்கும். அது அத்தனையும் தெருவுக்குத்தான் வர வேண்டும்.

நிறத்தோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். போகும் வழியில் தரைப்பாலம் எத்தனை? நம் ஊருக்கு மேலே எந்த அணை, எந்தக் குளம் நிரம்பி நிற்கிறது? 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றின் கரையோரம் மூழ்கியதற்கு, அங்கே பெய்த மழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் காரணம். 2023இல் கோரம்பள்ளம் குளம் உடைந்த தண்ணீர் தூத்துக்குடிக்குள் வந்தது. 2024இல் சாத்தனூர் அணை திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் தவித்தன. நம் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும். தாமிரபரணிக்காரர்கள் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போகிற வழியைவிடத் திரும்புகிற வழிதான் முக்கியம். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தரைப்பாலம் மதியம் இடுப்பளவு ஓடலாம்.

முடிவைச் சொல்வதில்தான் பலருக்குச் சங்கடம். நீட்டி முழக்காமல் சொல்லிவிடுங்கள்.

"அத்தை, நாளைக்கு ஆரஞ்சு அலர்ட் சொல்லிருக்காங்க. நாங்க கோயிலுக்கு வரல. பிள்ளைகளையும் கூட்டிட்டு வரல."

"சின்னவளுக்குப் பாட்டு இருக்கே, ஏங்கிப்போவாளே?"

"ஐயர்கிட்ட பேசிட்டேன் அத்தை. அடுத்த வாரம் பாட வைக்கேன்னு சொன்னாங்க. நீங்களும் மாமாவும் வெளிய போகாதீங்க. காலைல வீடியோ கால்ல பாடச் சொல்றேன்."

மூன்று விஷயம் அதில் இருக்கிறது: முடிவு, காரணம், பிள்ளைக்கு மாற்று வழி. மூன்றாவது இல்லாவிட்டால்தான் வீட்டில் அழுகை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாடகத்துக்கு நவம்பரிலேயே மாற்றுத் தேதி ஒன்றை அறிவித்துவிடுங்கள். வராத பிள்ளையின் வேஷத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கமாட்டோம் என்றும் சொல்லிவையுங்கள். அந்த ஒரு வாக்கு பல குடும்பங்களை மழையில் இறங்காமல் தடுக்கும்.

பையில் என்னென்ன

முதுகில் மாட்டும் பையாக இருக்கட்டும். கைப்பை வேண்டாம். இரண்டு கையும் பிள்ளைகளுக்கு வேண்டும். உள்ளே வைப்பதை எல்லாம் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, மொத்தத்தையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

எப்போதும் கோயிலுக்குக் கொண்டுபோவது: டயாப்பர் அல்லது துணி, மாற்றுடுப்பு இரண்டு செட், ஈரத்துணி போட ஒரு கவர், பருத்தித் துண்டு, குடிதண்ணீர், பிஸ்கட் அல்லது ரஸ்க், சத்தம் போடாத ஒரு விளையாட்டுச் சாமான், பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துணி.

நவம்பர், டிசம்பருக்குக் கூட்டிச் சேர்ப்பது: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, குழந்தையின் எடைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்து, தொடர்ந்து எடுக்கும் மருந்து ஒரு வாரத்துக்கு, டார்ச், பவர் பேங்க், விசில், கொசுவலை ஒன்று, பொட்டுக்கடலை மாவு அல்லது சத்துமாவு கால் கிலோ, ஸ்பூனும் சிறு டம்ளரும், ரொக்கம் சில்லறையாக. வெள்ளத்தில் ஏ.டி.எம். வேலை செய்யாது. சிக்னலும் போய்விடும் என்பதால் ஜிபேயை நம்ப முடியாது.

காகிதங்கள்: குழந்தையின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல். கர்ப்பிணி இருந்தால் அவருடைய அட்டையும் பிக்மி எண்ணும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

முறுக்கும் முந்திரிக்கொத்தும் பெரியவர்களுக்கு. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு வேர்க்கடலை, கெட்டியான கடலை மிட்டாய், பொரி உருண்டை கொடுக்க வேண்டாம். இருட்டில், கூட்டத்தில், தொண்டையில் அடைத்தால் கவனிப்பதற்குள் நேரம் போய்விடும்.

ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் பையைத் திரும்ப நிரப்பி ஆணியில் மாட்டிவிடுங்கள். எது தீர்ந்ததோ அதை அன்றே வையுங்கள். இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் நடுராத்திரி "கிளம்புங்க" என்று யாராவது கதவைத் தட்டினால் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆலயத்துக்குள்

ஓரத்து வாசலுக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில் எப்போதும் உட்காருங்கள். குழந்தை அழுதால் சட்டென்று வெளியே போகலாம். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு "தொலைந்துபோனால் நம்ம இடத்துக்கு வா" என்று சொல்லிவைக்கவும் ஓர் இடம் கிடைக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய் இருட்டினால் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பிள்ளையின் சட்டைக்கு உள்பக்கம் பெயரையும் இரண்டு போன் நம்பரையும் அழியாத மார்க்கரில் எழுதுங்கள். வெளியே தெரியும்படி பெயர் எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளை நம்பிவிடும். மூன்றரை வயதிலிருந்தே அப்பா அம்மாவின் முழுப்பெயரைச் சொல்லிப் பழக்கலாம். "உங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டால் "அம்மா" என்று சொல்லும் வயதுதான் அது. ஜெபம் மனப்பாடமாகிறபோது இதுவும் ஆகும்.

குடிலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி, வைக்கோல், சீரியல் பல்பு மூன்றும் சேர்ந்திருக்கும். பஞ்சு ஒட்டிய தாடியும் ஜிகினாச் சிறகும் எளிதில் தீப்பற்றும். மேடை ஏறும் பிள்ளைகள் கையில் நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம். பேட்டரி விளக்கு போதும். ஈரத் தரையில் சீரியல் பல்பின் வயர் கிடந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை.

கேரல் ரவுண்ட்ஸில் நடுராத்திரி வரை லோடு ஆட்டோவிலும் டிராக்டரிலும் ஊர் சுற்றுவது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் உங்கள் தெருவுக்கு வரும் நேரம் மட்டும் கலந்துகொள்ளட்டும். பெரிய பிள்ளைகள் போனால், வண்டியில் ஏறியவர்கள் பட்டியல் ஒருவரிடம் காகிதத்தில் இருக்க வேண்டும். இறங்கும்போது அதே பட்டியலைப் பார்த்து எண்ண வேண்டும். டிராக்டரின் பின்னால் தொங்கிக்கொண்டு யாரும் வரக் கூடாது. மழை தொடங்கினால் அடுத்த வீட்டோடு முடித்துக்கொண்டு கலைய வேண்டும் என்பது வாலிபர் சங்கத்தோடு முன்பே பேசிவைக்க வேண்டிய விதி.

வழியில் தண்ணீர் ஓடினால்

ஓடும் தண்ணீர் 15 செ.மீ., அதாவது அரை அடி இருந்தாலே பெரியவரின் காலை இடறிவிடும். ஓரடி இருந்தால் சிறிய காரைத் தூக்கும். இரண்டடியில் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். முன்னால் போன பஸ் கடந்துவிட்டதே என்று பின்தொடர வேண்டாம். பஸ்ஸின் எடை உங்கள் ஆல்டோவுக்குக் கிடையாது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். திரும்ப வழியில்லை என்றால் பக்கத்து ஊரின் மேடான இடத்தில் தங்கிவிடுங்கள். பள்ளிக்கூடம், ஆலயம், மசூதி, கல்யாண மண்டபம், எது திறந்திருக்கிறதோ அது.

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், முன்னே தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள். மீதிப் பேர் 19ஆம் தேதி வரை அங்கேயே இருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளும் நனைந்திருக்க, சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு ராத்திரிப் பயணம் இரண்டு நாள் ஆகலாம். மழைக்காலத்தில் வேளாங்கண்ணிக்கோ, மணப்பாட்டுக்கோ, ஊருக்கோ போனால் குழந்தையின் சாப்பாடும் டயாப்பரும் 48 மணி நேரத்துக்கு இருக்க வேண்டும்.

தண்ணீருக்குள் நடந்தே ஆக வேண்டிய கட்டம் வந்தால்: முழங்கால் அளவு தண்ணீராக இருந்தாலும் பிள்ளையை நடக்கவிடாதீர்கள். கைக்குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துப்பட்டாவாலோ சேலையாலோ கட்டிக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் போகிறவர் கம்பு ஊன்றிப் பார்த்துப் போகட்டும். பாதாளச் சாக்கடை மூடி திறந்து கிடப்பது மேலே தெரியாது. மின்கம்பத்தையும் அதன் இழுகம்பியையும் தொடக் கூடாது. செருப்பைவிட ஷூ நல்லது. வெறுங்கால் கூடவே கூடாது. அண்டாவில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீரில், இரண்டு பக்கமும் பெரியவர்கள் பிடித்திருந்தால் அது உதவும். ஓட்டம் இருந்தால் அண்டா கவிழும்.

வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது

செய்யும் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. சாமானைத் தூக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

முதலில் பிள்ளைகளை ஓர் இடத்தில் உட்காரவைத்து, ஒருவர் அவர்களோடேயே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. இன்னொருவர் தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொடுமுன் மெயினை அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடவே கூடாது. அந்த நிலை வந்துவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். அடுத்து கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். கட்டாத சிலிண்டர் மிதந்து மோதும். பிறகு நல்ல தண்ணீரைப் பிடிக்கக்கூடிய பாத்திரங்களில் எல்லாம் பிடித்து மூடிவையுங்கள். கடைசியாகத்தான் பீரோ, டிவி.

மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். மொட்டைமாடிக்கும் கூரைக்கும் குழந்தையோடு ஏறுவது வேறு வழியே இல்லாதபோதுதான். எந்த எண்ணை அழைப்பது என்பது சுவரில் எழுதியிருக்கட்டும்: அவசர உதவி 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098. போன் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள்: தெரு, பக்கத்தில் உள்ள ஆலயம் அல்லது கடை, எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை. நடந்த கதையை அப்புறம் சொல்லலாம். சார்ஜ் தீருமுன் அந்த விவரத்தைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். பேச்சு போகாத சிக்னலிலும் அது போய்ச் சேர்வதுண்டு.

பாம்பும் தேளும் தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்குள் வரும். கட்டில் மேல் கொசுவலையை நன்றாகச் செருகி அதற்குள் பிள்ளைகளைப் படுக்கவையுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

மண்டபத்தில் தங்கும்போது

ஊரில் உயரமான கட்டடம் பல இடங்களில் ஆலயமும் அதன் பள்ளிக்கூடமும்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு வேலை செய்துவிடுங்கள்.

பெயர் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் பெயரும் வயதும் அதில் வரட்டும். தாய்மாருக்குத் திரை போட்ட மூலை ஒன்று கேளுங்கள். இரண்டு சேலையும் ஒரு கயிறும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஆகிவிடும். கழிப்பறைக்குப் பிள்ளை தனியாகப் போகக் கூடாது. இரவில் இரண்டு பெரியவர்களாகப் போங்கள். பிள்ளைகளை யார் கேட்டாலும், உறவுக்காரர் என்று சொன்னாலும், பெற்றோர் நேரில் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று பொறுப்பாளர்களிடம் சொல்லி வையுங்கள். சந்தேகம் வந்தால் 1098.

பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு உறுதி: பயத்திலும் பசியிலும் பால் வற்றிவிடாது. சுரப்பது கொஞ்சம் தாமதமாகலாம். குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் திரும்பி வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். நிவாரணத்தில் வரும் பால்பவுடரை "எதற்கும் இருக்கட்டும்" என்று கரைத்துக் கொடுக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால்தான் முகாமில் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஏற்கெனவே பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரில் அந்தந்த வேளைக்குக் கரைத்து, டம்ளரிலும் ஸ்பூனிலும் புகட்டுங்கள். புட்டியைக் கழுவுவதைவிட டம்ளரைக் கழுவுவது எளிது. தாய்க்கு முதல் பந்தியில் சாப்பாடு போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

வயிறு இளகினால் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்ஸை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம் அரை லிட்டர் என்று கண்ணளவில் பிரிக்க வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மி.லி. ஸ்பூனால் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். மருத்துவக் குழு வந்தால் துத்தநாக மாத்திரை கேட்டு வாங்கி 14 நாளும் கொடுங்கள். கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

வடிந்த பிறகு

பெரியவர்களுக்குச் சேறு கழுவும் அவசரம். பிள்ளைகளுக்கோ தேங்கிய தண்ணீர் விளையாட்டுக் களம். அதில் இறங்கவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீர் வழியாகத்தான், காலில் உள்ள சிறு காயத்தில் நுழையும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் வெள்ளத் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு வளர்ந்துவிடும். தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைந்த பொம்மை, குடிலுக்கு வைத்த மண்சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். நனைந்த பஞ்சு மெத்தையைப் பிள்ளைக்குத் திரும்பப் போட வேண்டாம். ஒயரிங்கைப் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடாதீர்கள். காகிதம் போய்விட்டால் கலங்க வேண்டியதில்லை. 2015க்குப் பிறகும் 2023க்குப் பிறகும் சான்றிதழ்களைத் திரும்பக் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது.

மனசுக்குள் தேங்கியது வடிய அதிக நாளாகும். மழைச் சத்தம் கேட்டாலே மடியில் ஏறுவது, பாயில் மூத்திரம் போவது, பொம்மைகளை வைத்து "தண்ணி வருது, தண்ணி வருது" என்று திரும்பத் திரும்ப விளையாடுவது எல்லாம் சில வாரம் இருக்கும். விளையாட்டைத் தடுக்காதீர்கள். முடிவை மட்டும் மாற்றிக் கொடுங்கள்: "இப்ப படகு வருது, எல்லாரும் ஏறிட்டாங்க." தூங்கும் நேரமும் படுக்கைக்கு முன் செய்யும் ஜெபமும் பழையபடி நடக்கட்டும். நான்கைந்து வாரம் தாண்டியும் குறையாவிட்டால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

விசுவாசக் குடும்பத்துப் பிள்ளை இன்னொரு கேள்வியும் கேட்கும்: "இயேசப்பா ஏன் மழைய நிறுத்தல?" பாவத்துக்குத் தண்டனை என்று எந்தப் பெரியவரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தான் செய்த சேட்டையால்தான் வீடு மூழ்கியது என்று மூன்று வயது மனது முடிச்சுப் போட்டுவிடும். "எனக்கும் தெரியல மக்கா. ஆனா நம்மளத் தூக்கிட்டுப் போக மாமாவ அனுப்புனாங்கல்லா" என்றால் போதும். நோவா பேழைக் கதையை அந்த மாதம் ஞாயிறு பள்ளியில் நடத்த வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லலாம்.

2023 தென்மாவட்ட வெள்ளத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே ஒரு வாரம்தான் இருந்தது. அந்த மாதிரி வருஷத்தில் புதுத்துணியும் பலகாரமும் இல்லாமலே பிள்ளைக்குப் பண்டிகை வரும். நட்சத்திரம் ஒன்று கட்டுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள், பக்கத்து வீட்டில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை

1. பையை இறக்கிச் சரிபார்க்கவும். உடுப்பு அளவு, மருந்தின் காலாவதித் தேதி, டார்ச் பேட்டரி.

2. வீட்டிலிருந்து ஆலயம் வரை நடந்தோ வண்டியிலோ போய், தண்ணீர் தேங்கும் இடத்தையும் தரைப்பாலத்தையும் குறித்துக்கொள்ளவும். மாற்று வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

3. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு விதியை வீட்டில் பேசி, பெரியவர்களுக்கும் போனில் சொல்லிவிடவும்.

4. காகிதங்களைப் படம் எடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பவும்.

5. சபையில் அல்லது அன்பியத்தில் கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர் உள்ள வீடுகளின் பட்டியல் எழுதச் சொல்லவும். ஒவ்வொரு வீட்டையும் யார் போய்க் கூப்பிடுவது என்று பெயர் போட்டு வைக்கவும். பிரசவத் தேதி நெருங்கியவர் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்பே சொல்லி, மழை எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனையில் சேர ஏற்பாடு செய்யவும்.

6. ஆலய மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைக்கவும். கோயில் பிள்ளையிடம் ஒன்று, ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று என இரண்டு சாவி இருந்தால் நல்லது.

7. ஒரு ஞாயிறு காலை, பையோடும் பிள்ளைகளோடும் வீட்டை விட்டு இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கவும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனால், எதில் தாமதமாகிறது என்று கண்டுபிடித்து அடுத்த ஞாயிறுக்குள் சரிசெய்யவும்.